இரண்டு தரம் ஊற்றிய தண்ணீர்

முன்பெல்லாம் ஒரு மனுசனைப் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். இப்போது ரட்சிக்கப்பட்டாச்சா என்று கேட்கிறார்கள். அதுவும் பஸ்ஸில், உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவனிடம். கேட்கிற பயலுக்கு மீசை கூட ஒழுங்காக முளைத்திருக்காது. கையில் ஒரு கட்டு நோட்டீஸை வைத்துக்கொண்டு, பெரியவரே, இந்த நிமிசம் உங்கள் உயிர் பிரிந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்கிறான். பெரியவனிடம் கேட்கிற கேள்வியா இது? இன்னாசி, "வத்தலக்குண்டுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

நோட்டீஸை மட்டும் வாங்கி மடியில் செருகினார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவருக்குத் திணறும். புகையிலை மடிக்க ஆகும்.

இன்னாசி ஆட்டு வியாபாரி. திண்டுக்கல்லில் பெரிய வேதக்கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வியாழக்கிழமை தவறாமல் அய்யலூர்ச் சந்தையில் நிற்பார். விற்கிறவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணாமல் வாங்க மாட்டார். ஆட்டுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னதை, அவருக்குக் கீழே வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரிடம் போய் ஒரு தரம் விசாரிப்பார். அப்புறம் உபதேசியாரையும் நம்ப மாட்டார்.

அப்படிப்பட்டவர் இன்றைக்குச் சந்தையை விட்டுவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் தொங்குகிறார் என்றால் காரணம் பேத்திதான். மகன் வீட்டில் பிள்ளை பிறந்து பதினோரு நாள். பேதி நிற்கவில்லை, பால் குடிக்கவில்லை என்று மருமகள் சகாயம் ஆள் விட்டிருந்தாள். மகன் ஆள் விடவில்லை. அதையும் அவர் கவனித்துக்கொண்டார்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை மோட்சம் போகாது. சர்வேசுரன் முகத்தை ஒருக்காலும் பார்க்காது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, சுவருக்கு வெளியேதான் குழி. அப்படி ஒரு குழியை அவரே ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளைக்காக வெட்டியிருக்கிறார். முழங்கை நீளம்தான் இருக்கும்.

மகன் சவரியப்பன் பஸ் கண்டக்டர். நான்கு வருசத்துக்கு முன்னால் தாயார் மதலேனம்மாள் நெஞ்சுச்சளியில் கிடந்தபோது, அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியாரைக் கூப்பிட ஓடியவன் அவன்தான். சாகக் கிடக்கிறவர்களுக்கு மந்திரித்த எண்ணெய் பூசி அனுப்ப வேண்டும். சாமியார் மலையடிவாரத்துக் கிராமத்துக்குச் சைக்கிளில் போயிருந்தார். திரும்பி வந்து சேருவதற்குள் மதலேனம்மாள் ஜில்லிட்டுப் போனாள்.

அடக்கம் முடிந்ததும் மகன் உபதேசியாரிடம் போய், எங்கள் அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டான். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கலாம், ஆத்துமாக்கள் நெருப்பில் வெந்து சுத்தமாகிற இடம் அது, நாம் பூசை ஒப்புக்கொடுத்தால் சீக்கிரம் கரையேறும் என்றார் அவர். எத்தனை நாள் ஆகும்? அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை.

ரெண்டு வருசம் கழித்து அவன் பஸ்ஸிலேயே வேதப்புத்தகத்தோடு ஒருவர் ஏறினார். அப்படி ஒரு இடமே கிடையாது தம்பி, இந்தப் புத்தகத்தில் எங்கேயாவது இருந்தால் காட்டு என்றார். உங்கள் அம்மா இயேசுவை நம்பினாளா, நம்பினாள் என்றால் கண்ணை மூடின நிமிசமே அவரிடம் போய்விட்டாள் என்றார். அவ்வளவுதான். சவரியப்பன் கோயிலை விட்டான். வத்தலக்குண்டில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அவனை முக்கி எடுத்து, சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். பெண்டாட்டியும் அவன் பின்னால் போனாள். அதற்காக அவளுடைய பெற்றோர் கதவைச் சாத்திவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு இல்லாமல் ஆஸ்பத்திரியில் பெற்றாள்.

ஒரு தரம் பெற்ற ஞானஸ்நானத்தை இன்னொரு தரம் பெறுவது தேவதுரோகம். இன்னாசி இதைச் சந்தையில், டீக்கடையில், கோயில் வாசலில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். "எம் மகனை ரெண்டு தரம் வெளுத்திருக்காய்ங்க. அம்புட்டு அழுக்கு." சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கஞ்சி இறங்காது.

வத்தலக்குண்டு வீட்டில் அவர் நுழைந்தபோது மகன் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். வாங்கப்பா என்றான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாயா, இல்லை உன் ஜெபக் கூட்டத்துக்கு மட்டும்தான் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஊசி போட்டாச்சு, மருந்து கொடுத்தாச்சு, இப்போது ஜெபம் பண்ணச் சபையாரைக் கூப்பிடப் போகிறேன் என்றான். ஞானஸ்நானப் பேச்சை அவர் எடுத்தார். சபையில் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை, வளர்ந்து அதுவாக விசுவாசித்துக் கேட்டால்தான் என்று பொறுமையாகச் சொன்னான். இந்தப் பொறுமையும் புதுசு, கிணற்றிலிருந்து வந்தது.

"வளரணும்லடா" என்றார் இன்னாசி.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

சகாயம் பீத்துணிகளை அலசக் கொல்லைப்பக்கம் போனாள். பிள்ளை பாயில் கிடந்தது. வாடின கத்தரிப்பிஞ்சு மாதிரி இருந்தது. உச்சி குழிந்து துடித்தது. பக்கத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு சொம்பு.

ஆபத்துச் சமயத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியார் வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றவேண்டும், ஊற்றும்போதே வார்த்தை சொல்லவேண்டும், வேறொன்றுமில்லை. சின்ன வயசில் மந்திரம் படிக்கிற இடத்தில் பிரம்படியோடு கற்றுக்கொண்டது. ஐம்பத்தைந்து வருசமாகச் சொல்லிப் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாரே, புளியமரத்தையா பார்த்தார்? அந்த வார்த்தைகளைத்தான் வாய்க்குள் சொல்லிச் சொல்லி வந்தார்.

இடது கையில் பிள்ளையின் தலையை ஏந்தினார். ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பழகின கை அது. "மதலேனம்மா, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுறேன்." பாட்டி பெயர்தான். மூன்று தரம் ஊற்றினார். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அழாத அழுகை அழுதது.

சகாயம் ஈரக்கையோடு ஓடிவந்தாள். பாயைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள். முந்தானையால் பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டே, "மாமா, தண்ணி ஊத்துனீகளா?" என்று கேட்டாள்.

"ஆமா. போயி உம் புருசன்ட்டச் சொல்லு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆஸ்பத்திரியிலயே ஊத்திட்டேன் மாமா. பெறந்த மறுநாளே. அவுகளுக்குத் தெரியாது."

இன்னாசிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது கை தானாகச் சொம்பைத் தள்ளி வைத்தது. ஆனாலும் நம்பவில்லை. என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார். சொன்னாள், ஒரு எழுத்துப் பிசகாமல். மூன்று தரம் ஊற்றினாயா? ஊற்றினேன். தலையில் பட்டதா, முடியில் மட்டும் வழிந்து போனதா? தலையில்தான் மாமா, முடி எங்கே இருக்கிறது? என்ன பெயர் சொன்னாய்? சூசம்மாள் என்று தன் தாய் பெயரைச் சொன்னாளாம். கதவைச் சாத்தின தாய்.

எங்கேயும் பல் குறையவில்லை. அவள் ஊற்றினது செல்லும். அப்படியென்றால் இவர் ஊற்றினது இரண்டாம் தரம். ஊரெல்லாம் மகனைச் சொல்லிச் சிரித்த அதே காரியத்தை அவர் தன் கையால் பேத்திக்குச் செய்திருக்கிறார்.

"அப்ப ஏந்தாயி, நீ அந்தக் கூட்டத்துக்குப் போற?"

அவுக போறாகள்ல என்றாள்.

சபையார் ஐந்தாறு பேர் வந்து முழங்கால் போட்டு உரக்க ஜெபித்தார்கள். ரூத் என்கிற இந்தப் பச்சைக் குழந்தையை என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். பதினோரு நாள் பிள்ளைக்கு மூன்று பெயர். இன்னாசி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஊசியால் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். ஜெபத்தால் என்று மகன் சபையில் எழுந்து சாட்சி சொன்னானாம். எதனால் என்று இன்னாசிக்குத் தீரவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டு, கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் நடந்ததைச் சொன்னார். சாமியார் வெகு நேரமாகப் பாவங்களைக் கேட்டுக் களைத்திருந்தார். முன்பே ஞானஸ்நானம் பெறாதிருந்தால் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாயா என்று கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே இவருக்குத் தெரியாது. போகட்டும், தெரியாமல் செய்தது துரோகம் ஆகாது, ஒரு செபமாலை சொல்லு என்றார். ஆனால் பிள்ளை இனித் திருச்சபையின் பிள்ளை, வேதத்தில் வளர்க்கிற பொறுப்பு உனக்கும் உண்டு என்றார்.

வத்தலக்குண்டில் அவன் வீட்டில் இருக்கிற பிள்ளையை நான் எப்படி வளர்ப்பது சாமி என்று கேட்டார். வேண்டிக்கொள் என்று பதில் வந்தது.

எழுந்திருக்காமல் இன்னொன்றும் கேட்டார். நான்கு வருசமாகத் திங்கட்கிழமை தோறும் பெண்டாட்டிக்காகப் பூசை பார்க்கிறேன், இந்நேரம் கரையேறியிருப்பாளா? அது நமக்குத் தெரியாதப்பா, வேண்டிக்கொண்டே இரு என்றார் சாமியார். பின்னால் நின்றவன் தொண்டையைச் செருமினான். இன்னாசி எழுந்துகொண்டார். முழங்கால் மடக்கென்றது.

அடுத்த வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு மகன் வந்தான். வேலைக்கு லீவு போட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். சகாயம் சொல்லிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. இன்னாசி ஒரு செம்மறிக் கிடாயின் தாடையைப் பிளந்து பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருசமாக அவரிடம் கிடாய் வாங்குகிற பேகம்பூர் நூர் முகமது பக்கத்தில் நின்றார்.

"யாரைக் கேட்டு ஊத்துனீக?"

"யாரையும் கேக்கல."

"அந்தத் தண்ணியில ஒண்ணுமே கிடையாதுப்பா. ரட்சிப்பு தண்ணியில வராது."

"ஒண்ணுமில்லாததுக்கா லீவு போட்டு வந்திருக்க?"

நூர் முகமது தாடிக்குள் சிரித்தார். இன்னாசிண்ணே, வீட்டு வழக்கை முடித்துவிட்டுக் கிடாயைப் பாருங்கள் என்று சொல்லி, செத்தத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். மகனும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிடாயின் முதுகில் கை வைத்தான். குரல் இறங்கிவிட்டது.

"தண்ணியும் எண்ணெயும் இருந்தாத்தான்னா, அம்மா என்னப்பா ஆவா? அம்மாவுக்கு எண்ணெய் கிடைக்கலையே. நாந்தான போனேன் கூப்பிட. நாந்தான தனியாத் திரும்பி வந்தேன்."

இன்னாசி தாடையை விட்டார். கிடாய் தலையை உதறிக்கொண்டது. இதை அவன் இதுவரை சொன்னதே இல்லை.

"அம்மா அன்னைக்கே போய்ச் சேந்துட்டா. அவளுக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. திங்கக்கிழம திங்கக்கிழம போயி முட்டியத் தேய்க்காதீக. எல்லாம் முடிஞ்சிருச்சு. நம்புனாப் போதும்ப்பா."

முடிந்துவிட்டது என்றால் திங்கட்கிழமை விடிந்ததும் அவர் எங்கே போவது? மதலேனம்மாள் உயிரோடு இருந்தபோது அவளுக்கு அவர் செய்தது கொஞ்சம்தான். சந்தை சந்தையென்று அலைந்து, ஒரு நாள் உட்கார்ந்து பேசினதில்லை. செத்த பிறகுதான் வாரத்தில் ஒரு மணி நேரம் அவளுக்கென்று முழங்காலில் நிற்கிறார். அதுவும் வேண்டாமாம், போதுமாம். சொல்கிறவன் மகனாக இருந்தாலும், வாயைத் திறந்து காட்டாத சரக்கை எப்படி வாங்குவது?

"நீ பாத்தியா, அவ போய்ச் சேந்தத?"

"வேதத்துல இருக்கு."

"சாமியாரு தெரியாதுங்கிறாரு. நீ தெரியும்ங்கிற. எனக்கு ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கையில்ல. போ."

மகன் போகவில்லை. இனிமேல் பிள்ளை மேல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள் என்றான். குரலில் கெஞ்சல்தான் இருந்தது.

"ரெண்டு தரம் ஊத்தியாச்சு. மூணாவதுக்கு நீ கெணத்துல முக்கப் போற. அதுக்குச் சளி புடிக்காமப் பாத்துக்க."

நூர் முகமதுவிடம், கிடாய்க்கு ஒரு பல் ஆடுகிறது, இது உங்களுக்கு வேண்டாம் என்று சொன்னார். நிஜமாகவே ஆடியதா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புழுக்கையும் புழுதியுமாகக் கிடந்த தரையில் திருச்சி ரோட்டைப் பார்க்க நடந்தார். அப்பா என்று பின்னால் ஒரு தரம் கூப்பிட்டது கேட்டது. வெயில் ஏறிவிட்டிருந்தது, முட்டி வலித்தது. திண்டுக்கல் பஸ்ஸில் இந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் போனார்.