உறை போட்ட அப்பா

2008ஆம் வருஷம் பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த ஞானசேகரன், விமான நிலைய வாசல் வழியாக வெளியே வராமல், மனைவி மங்கலத்தின் இடுப்பில் செருகியிருந்த செல்போனுக்குள் வந்து சேர்ந்தார். பன்னீர்க் கரும்பு அந்த வருஷம் நல்ல விளைச்சல். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

அவர் 2004 ஆகஸ்டில் விமானம் ஏறியபோது மகள் சுவேதாவுக்கு ஆறு மாதம். குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டிசம்பரில் சுனாமி வந்து, மூன்று நாள் இங்கே யார் இருக்கிறார்கள் யார் போய்விட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. லைன் கிடைக்காமல் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் நின்று மங்கலம் அழுததை எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் ஒரு பட்டன் செல்லைக் கொடுத்தனுப்பினார். மங்கலம் அதற்குச் சிவப்பு வெல்வெட்டில் உறை தைத்து, ஓரத்தில் ஜிகினா வைத்து, நாடா கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் அது மணியடிக்கும். குழந்தை ஓடிவந்து உறையோடு சேர்த்து முத்தம் கொடுக்கும்.

குழந்தைக்கு மூன்று வயது நடந்தபோது சிதம்பரத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர், உங்கப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"செல்லுக்குள்ள இருக்காரு. குளிரும்ல, அதான் அம்மா உறை போட்டு வச்சிருக்கு."

மண்டபமே சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். நம் ஜனங்கள் விடுவார்களா? குழந்தை ஒரு தரம் அழகாக ஏதாவது சொல்லிவிட்டால், அதற்குப் பல் விழுந்து முளைக்கும்வரை அதையே சொல்லிக்காட்ட வைப்பது நம் வழக்கம். வருகிறவர் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் குழந்தையை முன்னால் தள்ளி, அங்கிளுக்குச் சொல்லு என்பார்கள். சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டார், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் கேட்டார். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு உத்திராபதி, சாயங்காலம் அதைக் கேட்டுச் சிரிக்காமல் கடைக்குக்கூடக் கிளம்ப மாட்டார். குழந்தையும் தேறிவிட்டது. 'குளிரும்ல' என்ற இடத்தில் நிறுத்தி, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லும். அப்பா இருப்பது குவைத்தில், அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவராவது உட்கார்ந்து சொன்னோமா? சொன்னால் சிரிப்பு போய்விடுமே.

இப்படி ஏழெட்டு மாதம் ஊரே சிரித்து முடித்தபோது அவருக்கு விடுமுறை கிடைத்தது. வழக்கப்படி வேன் பிடித்து, சொந்தபந்தம் பதினாலு பேர் புளிசாதத்தோடு மீனம்பாக்கம் போனார்கள். நைலான் கயிறு கட்டி, ஞானசேகரன், திருப்பாதிரிப்புலியூர் என்று பெயிண்டில் எழுதிய அட்டைப்பெட்டி வந்தது. ஆள் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மங்கலத்தின் இடுப்பில் மணியடித்தது.

"மங்கலம், பொட்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"மொதல்ல உறையக் கழட்டு. புழுங்குது."

அதிகாரிகள் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார்கள். ஆளைப் பற்றி அவர்களிடம் படிவம் எதுவும் இல்லை. திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டியதும், புளிசாதத்தில் உப்பு கம்மி என்று அவர் செல்லுக்குள்ளிருந்து சொன்னார். தின்று பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

அதற்கப்புறம் நாலு வருஷம் அந்தக் குடும்பம் அப்படித்தான் நடந்தது. செல்லுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கல்யாண வீடுகளில் மொய் எழுதுகிற இடத்தில், ஞானசேகரனும் மங்கலமும் என்று சேர்த்தே எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையின் மேல் செல்லை வைத்து எடுத்தால் கையெழுத்துப் போட்டதாகத் தலைமையாசிரியை ஒத்துக்கொண்டார். செல் கடைக்காரர் கழற்றிப் பார்க்கட்டுமா என்றதற்கு, உயிரோடு இருப்பவரைத் திருப்புளியால் தொடுவதா என்று மங்கலம் எழுந்து வந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் லைனுக்குள் அணில் போய்ப் பார்த்திருக்கிறேன், ஆள் போனதில்லை என்றார் உத்திராபதி. வஞ்சிரம் வறுத்தால் உள்ளே வாசனை போகும். ஆனால் பசிக்காது. மங்கலத்துக்குத்தான் எதுவும் ஆறவில்லை. குவைத்தில் இருந்தபோதாவது வருவார் என்று நாள் எண்ணினாள். பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறவருக்கு எந்த நாளை எண்ணுவது? அவர் முகம் மறந்துகொண்டு வருகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவர் காதில் விழுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அவளிடமிருந்து அறவே போய்விட்டது.

சுவேதாவும் வாயை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் எப்படிப் பேசும், இப்போது ஊமைக்கோட்டானாக இருக்கிறதே என்று, அவளைப் பேசவைத்தவர்களே குறைபட்டுக்கொண்டார்கள். ஏழு வயதில் ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் தானாக வந்து நின்று, எங்கப்பா வெளியே வந்துவிட்டார் என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பாவம் என்றார்கள். செல் அப்படியே கிடந்தது. வேலை செய்வது சொல் இல்லை, சிரிப்புதான் என்று எங்களுக்கு அன்றுதான் உறைத்தது. உடனே உத்திராபதி தெருவில் இருந்த மூன்று வயசுக்காரர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, ஞானசேகரன் மாமா வெளியே வந்தாச்சு என்று பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் ஒப்பித்தார்கள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பார்த்தோம். உள்ளே அவருக்கு ஒரு விக்கல் வந்ததோடு சரி.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் 'தானே' புயல் கரையேறியது. ஓடு பறந்தது, பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, தெருவில் ஒரு கரண்ட் கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. டவரும் விழுந்து ஊரில் எல்லாச் செல்லும் செத்தபோது ஞானசேகரனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. எங்கிருந்தோ பேசுகிறவருக்குத்தானே டவர் வேண்டும்? ஆனால் சார்ஜ் வேண்டும். நாலு வருஷமாக மின்வெட்டுக்கு நடுவே கூட அணையாமல் காப்பாற்றிய சார்ஜ் இப்போது ஒரே கோடாக நின்றது. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் வரிசையில் நின்றாள் மங்கலம். அவள் முறை வரும்போது டீசல் தீர்ந்தது. மிச்சம் பிடிக்க ஆஃப் பண்ணி வை என்று அவரே சொன்னார். அணைத்து எரியவிட்டால் விளக்கு திரும்ப வரும், மனுஷன் வருவாரா? அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

2012 பிறந்த அன்று மத்தியானம் அந்த வீட்டில் சாவு வீடு போலத் தெருவே கூடிவிட்டது. கிள்ளையிலிருந்து அவர் தங்கை லோகநாயகி, கூரை போன வீட்டைப் போட்டுவிட்டு, இரண்டரை வயது மகள் சத்யப்பிரியாவைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறி வந்திருந்தாள். சார்ஜ் தீரப்போவதற்கான கீ கீ சத்தம் ஆரம்பித்தது. எல்லாம் என்னால்தான் என்று சுவேதா நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ சொன்னது தப்பில்லடா, கேட்டவங்க பெரியவங்க இல்லையா என்று செல் மெல்லச் சொன்னது. நாங்கள் தரையைப் பார்த்தோம். சத்யப்பிரியா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மாமாவுக்கு என்ன ஆச்சு என்று இவர்களுக்குத் தெரியவில்லையே என்ற சலிப்போடு சொன்னாள்:

"மாமா கக்கா போயிருக்காரு. தண்ணி எடுத்துக்காம போயிட்டாரு. அதான் கீ கீன்னு கூப்புடுறாரு."

முதலில் சிரித்தது மங்கலம். கண்ணீர் வழிய வழிய, புடவைத் தலைப்பைக் கடித்தும் அடக்கமுடியாமல் அவள் சிரிக்க, சுவேதா சிரிக்க, மூன்று நாளாகச் சோறு பொங்காத தெரு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கீ கீ நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. பார்த்தபோது செல் அணைந்திருந்தது. சுவேதா அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். சத்தமே இல்லை.

அப்போது கொல்லைப்பக்கம், ஓடு பறந்த கக்கூஸிலிருந்து குரல் வந்தது.

"யாராவது ஒரு பக்கெட் தண்ணி கொண்டாங்களேன்."

மங்கலம் ஓடவில்லை. அடிபைப்பில் நிதானமாகத் தண்ணீர் அடித்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். கதவு ஒருசாண் திறந்து ஒரு கை வெளியே வந்தது. அவள் பக்கெட்டைக் கொடுக்காமல் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் அவசரப்படுத்தவில்லை.

நாங்கள் திருந்தினோமா என்றால், இல்லை. பொங்கலுக்கு வந்தவர்களுக்குச் சொல்லிக்காட்டு என்று சத்யப்பிரியாவைக் கேட்டார்கள், சிரித்தார்கள். கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஞானசேகரன் அந்த நிமிஷமே கொல்லையிலிருந்து தண்ணீர் கேட்டார். சித்திரையில் இன்னொரு தரம். அதனால் அந்த வீட்டில் கக்கூஸுக்குள் எந்நேரமும் ஒரு பக்கெட் தண்ணீர் நிரம்பியிருக்கும். நிரப்பி வைப்பது சுவேதா. யாரும் அவளிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.