அடித்த விடை

விடைத்தாளின் நகல் தபாலில் வந்தது. அவள் கேட்டு வாங்கியதுதான், ஆனால் வந்து என்ன. கணக்கில் மூன்றாவது தடவையும் தோல்வி, நான்கு மதிப்பெண் குறைவில். நான்காவது தடவை எழுத விதியில் இடமில்லை. கல்லூரி அத்தோடு முடிந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்கு அம்மா சொல்லிவைத்திருந்தாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அவள் பெயர் டியூப்லைட். அண்ணன் வைத்த பெயர். அவன் ஒரே தடவையில் தேறியவன். இரண்டு வருடமாக அவளுக்கு அவன்தான் வாத்தியார்.

ஏழாம் பக்கத்தில் ஒரு கணக்கை மூன்றே வரியில் போட்டு, குறுக்கே கோடு கிழித்திருந்தாள். கீழே அதையே அண்ணனின் வழியில் பக்கம் முழுக்க நீட்டியிருந்தாள். நடுவில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. பூஜ்யம். பதினொன்றாம் பக்கத்திலும் அதே கதை.

அடித்த விடையைக் கேள்வியில் பொருத்திப் பார்த்தாள். சரியாக நின்றது. இன்னொன்றும் நின்றது. ஒவ்வொன்றும் ஐந்து மதிப்பெண்.

"என்ன டியூப்லைட், அழுது முடிச்சாச்சா?"

நகலை அண்ணனிடம் நீட்டினாள். நின்றுகொண்டே படித்தவன் உட்கார்ந்தான்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல. தோணுச்சு."

"எனக்கே தோணலையே. எதுக்கு அடிச்ச?"

"மூணு வரியில முடிஞ்சா எங்கேயோ தப்புன்னு நீதானே சொன்ன."

"பொதுவா சொன்னேன்டி."

"என்கிட்டதானே சொன்ன."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "அடிச்சதுக்கு மார்க் போட மாட்டாங்களாடா?"

"மாட்டாங்கம்மா."

"சரியா இருந்தாலுமா?"

"சரியா இருந்தாலும்தான்."

"அப்ப விடு. தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன." கத்தி மறுபடி பலகையில் இறங்கியது.

ஞாயிறு முழுக்க அவள் பழைய கேள்வித்தாள்களோடு இருந்தாள். தன் வழியிலேயே போட்டாள், பேனாவால். ஒன்றையும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்தான். டியூப்லைட் என்று கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக என்ன கூப்பிடுவது என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை. நீளமான மேசை, இருபுறமும் பெண்கள், நடுவில் வெள்ளைக் கையுறைகளின் குவியல். இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று, உறையில் போட்டு ஒட்ட வேண்டும். மேற்பார்வையாளரான பெண்மணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"படிப்பெல்லாம் எப்படி?"

"ஃபெயில்." என்றாள். "ஆனா எனக்குக் கணக்கு நல்லா வரும்."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பக்கத்துப் பெண் சிரிப்பை அடக்கினாள்.

"அதுக்கு மெஷின் இருக்கும்மா," என்றாள் மேற்பார்வையாளர். "கை வேகமா வருமா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"வரும்," என்றாள்.