மிச்சம் ஆறு படம்

அந்த வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ராஜாங்கம் தினமும் காலையில் அதில் ஒரு படம் போடுவார். அன்றைக்குப் போட்டது கூலிங் டவரின் நீராவிக்குக் குறுக்கே கொக்குக் கூட்டம் பறக்கிற படம். அதற்காக மூன்று நாள் விடிவதற்கு முன்னால் எழுந்து போய் ஒரே இடத்தில் நின்றிருந்தார். பத்து நிமிடத்தில் ஒருவர் பதில் போட்டார்: 'சூப்பர் சார். ஏஐ-ல பண்ணதா?'

ராஜாங்கம் நீளமாக ஏதோ தட்டினார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்தால் கேமராவோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்போதெல்லாம் ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அதை ஒரு மாதம் வைத்து எடுப்பார். ஸ்டூடியோவில் கொடுத்தால் வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் மனசுக்குள் எல்லாப் படமும் நன்றாகவே வந்திருக்கும். இப்போது ஃபோனில் நாற்பதாயிரம் படம் கிடக்கிறது. எடுத்தவரே அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டனை அழுத்திய பிறகு ஃபோன் ஒரு நொடி யோசித்துவிட்டு, சாம்பல் பூத்த வானத்தைத் தானாகவே நீலமாக்கி வைத்துக்கொள்கிறது. நான் பார்த்தது இது இல்லையே என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மே மாதம் பதினேழாம் தேதி அவருடைய மகன் அறிவழகன் இறந்த நாள். 2006-ல் அப்ரண்டிஸ் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவன் பண்ருட்டி ரோட்டில் மழையில் சறுக்கி விழுந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மகள் சண்முகப்பிரியா தாம்பரத்திலிருந்து வந்துவிடுவாள். வடக்குத்து கிராமத்தில், ராஜாங்கம் ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீட்டின் கூடத்தில், அறிவின் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைப்பார்கள்.

இந்த வருஷம் படையல் முடிந்ததும் பிரியா அம்மா பட்டம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை நீட்டினாள்.

"அம்மா, பயப்படாம பாரு."

சுவரில் இருந்த அதே படம். அது மெல்லத் தலையைத் திருப்பியது. கண்ணை மூடித் திறந்தது. பிறகு பட்டம்மாளைப் பார்த்துச் சிரித்தது.

பட்டம்மாள் இரண்டு கையாலும் ஃபோனை வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எட்டு நொடி ஓடி நின்றது. "இன்னொரு வாட்டி போடு" என்றாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் கிளம்புவதற்கு முன் பிரியா அதை அம்மாவின் ஃபோனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ராஜாங்கம் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். அவன் சிரித்தபோது மேல் வரிசைப் பல் எல்லாம் ஒரே சீராக, வெள்ளையாக இருந்தன. அறிவுக்குப் பன்னிரண்டு வயதில் கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் பாதி உடைந்துவிட்டது. அந்த உடைந்த பல் வழியாகத்தான் அவன் சிரிப்பே வெளியே வரும்.

"அது அவன் பல்லு இல்ல பட்டு" என்றார், நாலைந்து நாள் பொறுத்துவிட்டு.

பட்டம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவன் பல்லு எப்படி இருக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க எடுத்த படத்துல வாய மூடிக்கினுதான நிக்கிறான்?"

அது உண்மைதான். அப்ரண்டிஸ் விண்ணப்பத்துக்காக, பத்தொன்பதாம் பிளாக் குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்து எடுத்த படம் அது. 'வாயை மூடு, பல்லு தெரியுது' என்று சொன்னவர் அவரேதான்.

"இருந்தாலும் பொய்யி பொய்யிதான" என்றார்.

"இது அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதாங்க? பெத்தவளுக்குத் தெரியாதா?" கீரைத்தண்டைக் கீழே வைத்தாள். "உங்க படம் பத்தொம்போது வருசமா என்னை மொறைச்சிக்கினே இருக்குது. இது கண்ண மூடித் தெறக்குது. எனக்கு அது போதும். நீங்க எப்பவும் அந்தப் பொட்டி வழியாத்தான் அவனப் பாத்தீங்க. உங்களுக்குப் படம்தான் அவன். படத்த ஒருத்தி மாத்திட்டான்னுதான் உங்களுக்குக் கோவம்."

ராஜாங்கம் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். அன்று மத்தியானம் அவள் தூங்கிய பிறகு, ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார்.

டின்னுக்குள் ஒரு பிலிம் ரோல் இருந்தது. கழுவாத ரோல். அறிவு இறந்தபோது கேமராவுக்குள் இருந்தது அதுதான். இறப்பதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேருமாகக் காடாம்புலியூரில் பட்டம்மாளின் அக்கா வீரம்மாள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பலாப்பழக் காலம். முந்திரித் தோப்பில் பழம் அறுத்துத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அறிவு கேமராவைப் பிடுங்கிக்கொண்டான்.

"மிச்சம் ஆறு படம் இருக்குப்பா. நான் எடுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க."

நின்றார்கள். அதன் பிறகு அவன் எதை எதையோ பார்த்துக் கேமராவைத் திருப்பித் திருப்பி அழுத்தினான். "ரோல வேஸ்ட் பண்ணாதடா" என்று ராஜாங்கம் அதட்டினார். அவன் சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் முடித்துவிட்டுத்தான் கொடுத்தான்.

காரியம் முடிந்த பிறகு ரோலைக் கழற்றி எடுத்தார். ஸ்டூடியோவில் கொடுக்கத்தான் நினைத்தார். கை வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. கழுவாத வரைக்கும் அதற்குள் அவன் இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்று ஒரு எண்ணம். பிறகு ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தபோது டின் லாஃப்டுக்குப் போனது. நேர் மேலே மொட்டை மாடி. வெயில் காலத்தில் அந்த லாஃப்டுக்குள் கையை விட்டால் சுடும். பழைய ரோலைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை.

சென்னையில் இன்னும் பிலிம் கழுவுகிற ஒரு லேபை ஃபோனில் தேடிப் பிடித்தார். கூரியரில் ரோலை அனுப்பிவிட்டு வந்து மனைவியிடம் சொன்னார். சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

பட்டம்மாள் நம்ப முடியாமல் பார்த்தாள்.

"புள்ள எடுத்த படத்த பத்தொம்போது வருசமா வூட்லயே வச்சிக்கினு இருந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"பயமா இருந்திச்சி."

"என்னா பயம்?"

"பாத்துட்டா முடிஞ்சிரும்னு."

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஃபோனில் அந்த எட்டு நொடியை அவள் போட்டுப் பார்க்கவில்லை. "அவன் என்னா எடுத்திருப்பான்?" என்று ஒருநாள் கேட்டாள். "எங்க அக்கா வூட்டு நாய எடுத்தான். அது எனக்கு ஞாபகம் இருக்குது." இன்னொரு நாள், "அறுத்த பழத்த நான் கையில வச்சிக்கினு இருந்தேன், அதையும் எடுத்தான்" என்றாள். பல வருஷங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசினார்கள். அவன் எத்தனை சுளை தின்றான், பஸ்ஸில் யார் மடியில் தலை வைத்துத் தூங்கினான் என்பதெல்லாம் பேச்சில் வந்தது. காலையில் நடக்கப் போகும்போது ராஜாங்கத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. அந்த நாட்களில் குழுவில் அவர் படம் எதுவும் போடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் லேபிலிருந்து கூப்பிட்டார்கள். இளைஞன் குரல். மரியாதையான குரல்.

"சார், உங்க ரோல் ப்ராசஸ் பண்ணியாச்சு. முழுக்க ஃபாக் ஆயிருக்கு சார். ரொம்ப சூட்டுல இருந்துச்சா?"

"ஆமா."

"முப்பதாவது பிரேம்ல மட்டும் ஒரு ஷேடோ மாதிரி தெரியுது. ஸ்கேன் அனுப்பறேன்."

"கடைசி ஆறு?"

"ஒண்ணும் இல்ல சார். சாரி சார். ஒரு அஞ்சாறு வருஷம் முன்னாடி குடுத்திருந்தா ஏதாவது எடுத்திருக்கலாம்."

ஸ்கேன் வந்தது. புகை மூடிய மாதிரி முப்பத்தாறு பழுப்புக் கட்டங்கள். முப்பதாவதில் ஒரு தோள், மடக்கிய ஒரு முழங்கை. யாருடையது என்று சொல்ல முடியாது. ராஜாங்கம் விரலால் அதைப் பெரிதாக்கினார். பெரிதாக ஆக, வெறும் புள்ளிகளாகச் சிதறியது.

பட்டம்மாள் பின்னால் வந்து நின்றிருந்தாள். தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பவே கழுவியிருந்தா வந்திருக்கும், இல்லங்க?"

"வந்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியா கூப்பிட்டாள். அம்மா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

"அப்பா, அந்த முப்பதாவது படத்த எனக்கு அனுப்புங்க. அந்த நெழல வச்சி, அப்ப எடுத்த நம்ம படம் நாலஞ்சையும் சேத்து ஏஐ-ல குடுத்தா ஏதாவது பண்ணலாம்."

"அதுல ஒண்ணும் இல்லம்மா."

"தெரியும்ப்பா. அம்மாவுக்காகத்தான். நீங்க பாக்க வேணாம்."

"இல்லாதத எப்படிப் பண்ணுவ? அவன் எங்க நின்னான்னு உனக்குத் தெரியுமா?"

"நானும் அன்னிக்கு அங்கதாம்ப்பா இருந்தேன்" என்றாள் பிரியா. குரல் தளர்ந்திருந்தது. "எனக்கு மட்டும் என்ன ஞாபகம் இருக்கு? ஒண்ணுமே வர மாட்டேங்குது. அதுக்குத்தான் கேக்கறேன்."

அவர் அனுப்பினார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சட்டம் போட்டே பார்சலில் வந்தது. முந்திரி மரத்தடியில் நாலு பேரும் நிற்கிறார்கள். இலைகளின் ஊடே வெயில் விழுகிறது. பட்டம்மாள் கையில் பாதிப் பலாப்பழம். ராஜாங்கத்தின் தலையில் முழுக்க முடி. அறிவு ஒரு பச்சைக் கட்டம் போட்ட சட்டையில், முழங்கையை மடக்கி அப்பாவின் தோளில் போட்டபடி நிற்கிறான். வெளிச்சம், நிழல், கோணம் எதிலும் ராஜாங்கத்தால் ஒரு குறை சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் இவ்வளவு நல்ல குடும்பப் படம் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. பட்டம்மாள் அதைக் கூடத்தில், டிவிக்கு மேலே மாட்டினாள். பழைய படம் பூஜை அலமாரிக்குப் போனது.

ஆடி மாதம் வீரம்மாள் தங்கையைப் பார்க்க வந்தாள். எழுபது தாண்டியவள். முட்டிவலியோடு பஸ் ஏறி வந்திருந்தாள். கூடத்துக்குள் நுழைந்தவள் அந்தப் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது நம்ம தோப்பு இல்லடி?"

"ஆமாக்கா. அவன் போறதுக்கு மூணு நாளு முன்ன" என்றாள் பட்டம்மாள்.

ராஜாங்கம் நாற்காலியிலிருந்து மனைவியைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீரம்மாள் கிட்டப் போய்க் கண்ணாடிமேல் கை வைத்தாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நான்தான் அந்தப் பழத்த அறுத்துக் குடுத்தன். இந்தச் சட்டயும் பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்ததுதான். பச்ச வேணாம் பெரியம்மான்னான். போட்டுக்கடா, உனக்கு எடுப்பா இருக்குன்னன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு அதத்தான் போட்டுக்கினு வந்திருந்தான். இல்லிங்க தம்பி?"

அப்படி ஒரு சட்டை அவனிடம் இருந்ததே இல்லை. அன்றைக்கு அவன் போட்டிருந்தது வேறு. அதைச் சொல்ல ராஜாங்கம் வாயைத் திறந்தார். எந்தச் சட்டை? வெள்ளையா? கோடு போட்டதா? கண்ணை மூடிக்கொண்டு தோப்பைத் தேடினார். நாய் இருந்தது, பழம் இருந்தது, கேமராவைப் பிடுங்கிய கை இருந்தது. அந்தக் கையின் மேலே பச்சைக் கட்டம்தான் வந்தது. மறுபடியும் தேடினார். மறுபடியும் அதுவே வந்தது.

இரண்டு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றார் ராஜாங்கம். "பச்சதான்."