தூணுக்குப் பின்னால் ஒரு தவில்

தவில் அடித்தது புவனா. பாராட்டு வாங்கியதோ அவள் புருசன் கிருபாசங்கர். காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற அந்த மனுசன், தாளம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பான்.

எல்லாம் கல்யாணப் பெண்ணின் அம்மா நஞ்சம்மாள் செய்த கூத்து. விடிகாலையில் பெருந்துறை மண்டபத்துக்குள் புவனா தவிலோடு நுழைந்ததுமே அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஏனுங்க, பொம்பளப்புள்ள வீணை வாசிச்சா லட்சணமா இருக்கும். தவில் அடிச்சா நல்லாவாங்க இருக்கும்? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

அந்த நேரத்தில் நாதஸ்வரக்காரர் சென்னகேசவன் வேறு ஆளுக்கு எங்கே போவார்? வேனில் தோல் கிழிந்த பழைய தவில் ஒன்று கிடந்தது. மனைவியை வண்டியில் கொண்டுவந்து விட்ட கிருபாசங்கரின் கழுத்தில் அதை மாட்டி, முன்னால் உட்காரவைத்தார். புவனாவைத் தூணுக்குப் பின்னால் தள்ளினார்.

"இன்னிக்கு மட்டும் பொறுத்துக்க அம்மணி. கெட்டிமேளம் நல்லபடியா முடிஞ்சா நம்ம செட்டுல நீ நெரந்தரம். குட்டு வெளிய வந்துச்சு, ரெண்டு பேரு பொழப்பும் போச்சு."

விரலெல்லாம் காய்த்துப்போகப் புவனா படித்த வித்தை இது. ஆனால் இந்த இடத்துக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்? பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். முன்னால் கிருபாசங்கர் தலையை ஆட்டி, கையை வீசி, சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக ஏமாற்றினான். "தம்பிக்கு என்னா கைங்க!" என்று நஞ்சம்மாளே உருகிப்போனார்.

அந்த நஞ்சம்மாளுக்கு அன்று ஒரே ஒரு பயம். அவர் தம்பி, பெண்ணின் தாய்மாமன் சுப்பையன், சளி பிடித்துக் காலையிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். தாலி கட்டும்போது தும்மல் காதில் விழுந்தால் அபசகுனம். சீர் செய்கிற தாய்மாமனை வெளியே போகச் சொல்லவும் முடியாது.

"நீங்க மாமன் பக்கத்துலயே நின்னு கெட்டியா அடிங்க தம்பி" என்று கிருபாசங்கரை மணமேடைக்கே இழுத்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். சுப்பையனின் மூக்கு சுருங்கியது, வாய் பிளந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று நஞ்சம்மாள் அலறினார். கிருபாசங்கர் பதற்றத்தில் நிஜமாகவே ஓங்கி அடித்துவிட்டான். பொத்தென்றது கிழிந்த தோல்.

தூணுக்குப் பின்னாலிருந்து அடித்தால் மேடையில் தும்மல் மறையாது. தூணாவது மண்ணாவது! பொழப்பு போனால் போகட்டும் என்று புவனா தவிலோடு மேடைக்கு ஓடினாள். சுப்பையனின் முகத்துக்கு நேராக நின்று வெளுத்துக்கட்டினாள். மண்டபமே அதிர்ந்தது. மூன்று முடிச்சும் விழுந்தன.

மேளம் ஓய்ந்தது. எல்லோரும் புவனாவைப் பார்த்தார்கள், பிறகு கிருபாசங்கரைப் பார்த்தார்கள். அவன் தவிலை மறைக்க இடம் தேடினான். சென்னகேசவன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நஞ்சம்மாள் நேராகத் தம்பியிடம் போனார்.

"தும்முனியா?"

"தும்முனேங்கக்கா. எனக்கே கேக்கல."

நஞ்சம்மாள் கிருபாசங்கர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, அந்த ஓட்டைத் தவில எறக்கி வெச்சுப்போட்டுப் பந்தியில போயி உக்காருங்க." பிறகு புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இங்கயே முன்னால உக்காரு கண்ணு. இவனுக்கு இன்னும் சளி நிக்கல."