மிதி

பிடித்து நடப்பதற்காக வைத்திருந்த கம்பிகளை விட்டுவிட்டுத் தையற்காரி நாலடி நடந்தாள். பட்டறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைச் சூட்டில் இளக்கி, அவள் முழங்காலுக்குக் கீழே பொருந்தும்படி வளைத்துச் செய்த கால் அது. கடையில் விற்கும் செயற்கைக் காலின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறவர்களுக்காக, கையில் கிடைப்பதை வைத்தே கால் செய்து பார்க்கிறவர் அந்தப் பட்டறைக்காரர்.

“பாத்தீங்களா அண்ணி, இந்தக் காலுக்குச் சுளுக்கும் வராது, கொசுவும் கடிக்காது,” என்றாள் கூட வந்த நாத்தனார். லாரி ஏறி வலது கால் போனதிலிருந்து அண்ணியைச் சிரிக்க வைப்பதையே ஒரு வேலையாக வைத்திருந்தாள் அவள்.

தையற்காரி சிரிக்கவில்லை. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். வலது பாதத்தின் நுனியை அழுத்தப் பார்த்தாள். கணுக்கால் மடங்காமல் கட்டையாக நின்றது.

“நல்லாத்தானே நடக்கறீங்கம்மா?” என்றார் பட்டறைக்காரர்.

“நடக்கறேன் அண்ணே. மிதிக்க முடியலையே.”

தையல் மிஷின் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரு பாதத்தின் நுனியும் மறு பாதத்தின் குதிகாலும் மாறி மாறி அழுத்த வேண்டும். ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்திருக்கிறாள். சக்கரம் பின்பக்கமாக ஓடி நூலை அறுத்துவிடும். தைக்க வந்த துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரி, பாதி தைத்த பாவாடையைக் கோபமே இல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கோபமில்லாமையைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். கால் போனவருக்கு நடந்தால் போதும் என்று நினைத்து, அளவெடுக்கும்போது அவர் வேறெதுவும் கேட்டிருக்கவில்லை.

“கணுக்கால்ல ரப்பர் வச்சு இளக்கிடலாம். ஆனா மேடு பள்ளத்துல தடுமாறும், இப்பவே சொல்லிட்டேன்.”

“தடுமாறினா பிடிச்சுக்க இவ இருக்கா. மிஷினை எனக்காக யாரு மிதிப்பா?”

“அப்ப நான்தான் உங்களுக்குக் கைத்தடியா அண்ணி?” என்றாள் நாத்தனார். அவளே வீட்டுக்குப் போய் மிஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அதற்குள் கணுக்காலை அறுத்து, டயர்த் துண்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார் பட்டறைக்காரர்.

தையற்காரி இடது செருப்பைக் கழற்றினாள். பழக்கத்தில் வலது செருப்பையும் கழற்றக் கை நீண்டது. பிறகு இரண்டு பாதங்களையும் மிதிபலகையில் வைத்து, சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டாள். வலது நுனி தாழ்ந்தது. ஊசி இறங்கி ஏறி, விரற்கடை நீளத்துக்குத் தைத்தது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. சக்கரம் ஒரு கணம் தயங்கிப் பின்பக்கம் திரும்பியது. நூல் அறுந்தது.

நாத்தனார் பட்டறைக்காரரைப் பார்த்தாள். தையற்காரி யாரையும் பார்க்கவில்லை. அறுந்த நுனியை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊசிக்காதை நோக்கிக் கொண்டுபோனாள். கீழே, புதுப் பாதம் பலகையை விட்டு இறங்காமல் இருந்தது.