ஐம்பத்து மூன்று குதிரை

இந்த நோட்டில் எழுதும் எண்களுக்குக் கீழே நான் கோடு போடுவதில்லை. கோடு போட்டுவிட்டால் அது உறுதியானது என்று நானே நம்பிவிடுவேன். 53 என்ற எண்ணுக்கு மட்டும் இரண்டு கோடு போட்டேன். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் என் அண்ணன் ஆன்டனி கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பகலில் நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். மாலையில் பஸ் பிடித்து விழுப்புரத்துக்குப் போய் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காருகிறேன். போன மாதம் பிரம்மதேசம் சீனுவாசன் ஐயாவின் பத்மினி காருக்கு அண்ணன் இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை செய்து கொடுத்தான். மூன்றே வாரத்தில் கார் திரும்பி வந்தது.

"இழுவையே இல்ல ஆன்டனி. ஏரிக்கரை மேட்டுல ஏறச்சொல்லோ மூச்சு வாங்குது. எங்கூட்டு எருமை முந்திக்கினு போவுது."

"இன்ஜின் புதுசுண்ணே. எருமைக்கு என்ன போட்டீங்கன்னு பாருங்க."

"தமாசு வேணாம். நீ செஞ்ச வேலையில கோளாறு."

அண்ணனுக்கு அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை. பத்து பேர் நிற்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டான்: "கம்பெனி புக்குல நாப்பது எச்.பி.ன்னு போட்டுக்கீது. நாப்பதுக்குக் கொறஞ்சா இன்ஜின மறுபடி இறக்கி, மொதல்லருந்து செய்யறேன். கூலின்னு ஒரு பைசா வாங்கமாட்டேன்."

"எப்டி அளப்ப? தராசுலயா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். போன வாரம் வகுப்பில் கிடைத்த ஒரு மென்பொருளைப் பற்றி நான்தான் சோற்றுத் தட்டின் முன்னால் அளந்து விட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். காரை மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி, இன்ஜின் சத்தத்தை டேப்பில் பதிவு செய்ய வேண்டும். சத்தத்தின் சுருதி ஏற ஏற இன்ஜின் சுற்றும் வேகம் தெரியும். கியர் விகிதமும் டயர் அளவும் கொடுத்தால் கார் போகும் வேகம் தெரியும். மொத்த எடையையும் கொடுத்தால், அவ்வளவு எடையை அவ்வளவு சீக்கிரம் தள்ள எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று மென்பொருள் கோடு வரைந்து காட்டும். பக்கத்திலேயே முறுக்குவிசைக்கு, அதாவது இழுக்கும் பலத்துக்கு, இன்னொரு கோடு. சீனுவாசன் ஐயா மேட்டில் குறை சொல்வது இந்த இரண்டாவது கோட்டைத்தான். ஆனால் அண்ணன் பந்தயம் கட்டியது முதல் கோட்டின் மேல்.

நான் பட்டியல் போட்டேன். கார் எடை: புத்தகத்தில் உள்ளபடி. பெட்ரோல்: அரை டேங்க். ஆட்கள்: அண்ணன், சீனுவாசன் ஐயா, நான். ஸ்டெப்னி ஒன்று. டூல்ஸ் பை ஒன்று. கோணி ஒன்று, அரைக் கிலோ. கோணி எதற்கென்றால், வேலை செய்து கொடுத்த கார் அழுக்காகக் கூடாதென்று ஐயா ஒரு சாக்கை நான்காக மடித்து ஓட்டுபவர் காலடியில் விரித்திருந்தார். கழனிச் சேறு ஒட்டாது.

மரக்காணம் ரோட்டில் மேடு பள்ளமில்லாத ஒரு நீளம் இருக்கிறது. காற்றடிக்கும் பக்கம் ஒரு முறை, எதிர்ப்பக்கம் ஒரு முறை ஓட்டினோம். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் என் மடியில். "ஆரம்பம்" என்று நான் கத்தி, "போதும்" என்று கத்தும் வரை யாரும் பேசக்கூடாது. என் கைக்கடிகாரத்தில் இரண்டு முறையும் சரியாக இருபது நொடி. எழுதிக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"போதும்" என்றதும் ஐயா அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார். "பாத்தியா, பாத்தியா, மொண்டிக்கினு போவுது! கட்ட வண்டி கட்டிக்கினு வந்திருக்கலாம்!"

அன்று மாலை விழுப்புரத்தில் டேப் ரிக்கார்டரை கரன்ட்டில் மாட்டி, ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். பக்கத்தில் மற்றவர்களுக்கு வகுப்பு நடந்ததால் ஸ்பீக்கரை அணைத்து வைத்தேன். திரையில் கோடு ஏறியது. 53. எதிர்ப்பக்கமும் அதேதான், அரைப் புள்ளி வித்தியாசம். வகுப்பு நடத்தும் மாசிலாமணி சார் எட்டிப் பார்த்து, "என்ன, கார் ரேசா?" என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டு கோடு போட்டேன்.

அண்ணன் என்னைவிடச் சந்தோஷப்பட்டான். காலையில் ஏழு மணிக்கே போய் ஒர்க்‌ஷாப் கதவில் சாக்பீஸால் முழ நீளத்துக்கு 53 என்று எழுதிவிட்டான். ஐயா பத்து மணிக்கு வருவதாக இருந்தது.

தோசைத் தட்டின் முன்னால் நோட்டைத் திறந்தேன். கம்பெனியே நாற்பது என்கிறது. அண்ணன் நல்ல மெக்கானிக்தான். ஆனால் கம்பெனியைவிடப் பதிமூன்று குதிரை நல்லவனா? டயர் அளவைப் பார்த்தேன், சரி. எடையைக் கூட்டிப் பார்த்தேன், சரி.

அப்போது அம்மா மாதா பாட்டு கேட்கலாம் என்று டேப் ரிக்கார்டரைக் கரன்ட்டில் மாட்டிப் போட்டார். கேசட்டின் அந்தப் பக்கத்தில்தான் நான் பதிவு செய்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. இன்ஜின் உறுமியது. அடுத்து ஒரு குரல்.

அம்மா தோசைத் திருப்பியோடு வந்து நின்றார். "யாருடி இந்தப் பையன்?"

"எந்தப் பையன்?"

"பாத்தியா பாத்தியான்னு உன்னாண்ட கொஞ்சிக்கினு கீறானே, அவன்தான்."

"அம்மா, அது சீனுவாசன் ஐயா."

"அவருக்கு அறுபது வயசாவுது. எங்கிட்டயே கதை உடாத."

மறுபடி போட்டுக் கேட்டேன். வார்த்தைகள் ஐயாவுடையவை. குரல் மட்டும் காலேஜ் பையனுடையது. அவருடைய கரகரப்பு எங்கே போனது? "போதும்" என்று கத்திய என் குரலும் எலிக் குஞ்சு மாதிரி இருந்தது.

"அம்மா, இதுல போட்டிருந்த பேட்டரி எப்ப வாங்குனது?"

"புதுசு எதுக்குடி? டார்ச்சுல ஓஞ்சு போனத மாடியில வடாத்தோட வச்சு நாலு நாளு காய வச்சேன். நல்லாத்தான பாடுது?"

வெயிலில் காய்ந்த பேட்டரி பாடும். மெதுவாகப் பாடும். பதிவு செய்யும்போது டேப் நிதானமாக ஓடியிருக்கிறது. விழுப்புரத்தில் கரன்ட்டில் அது சரியான வேகத்தில் ஓடியதும், உள்ளே இருந்ததெல்லாம் அவசரப்பட்டுவிட்டது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "ஆரம்பம்" முதல் "போதும்" வரை டேப்பை ஓட்டினேன். இருபது நொடி வரவேண்டும். பதினேழே முக்கால்தான் வந்தது.

இதில் மோசம் என்னவென்றால், இந்தப் பிழை ஒரு தடவை மட்டும் சேராது. இன்ஜின் வேகமாகச் சுற்றுவதாகத் தெரியும். அந்த வேகத்தையும் குறைந்த நேரத்தில் எட்டியதாகத் தெரியும். கணக்கில் அது மூன்று முறை பெருகுகிறது. திருத்திப் போட்டேன். 37 வந்தது. மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும் 37.

நாற்பதுக்குக் கீழே.

சைக்கிளில் போகும்போது சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அதையும் எழுத வேண்டும். சந்தைமேடு வரை அப்படித்தான் நினைத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஐயா ஏற்கெனவே வந்து கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அம்பத்து மூணா? இந்த வண்டிக்கா? ஆன்டனி, உன் தங்கச்சி படிச்ச பொண்ணு, நான் ஒத்துக்கிறேன். ஆனா என் காலுக்குத் தெரிலயேப்பா."

"காலுக்கு என்னாண்ணே தெரியும், கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

"ண்ணா," என்றேன். "அது முப்பத்தேழு."

பேட்டரியைப் பற்றி, வடகத்தைப் பற்றி, பதினேழே முக்கால் நொடியைப் பற்றி எல்லாம் சொன்னேன்.  அண்ணன் கதவுக்குப் போய் உள்ளங்கையால் 53-ஐ அழித்தான். பிறகு இன்ஜின் தூக்கும் சங்கிலியை எடுத்து மேலே மாட்டத் தொடங்கினான்.

"அட, இருப்பா. நான் உடனேவா கேட்டேன்?" ஐயாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சொன்னா சொன்னதுதாண்ணே."

சங்கிலி கிணுகிணுவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நோட்டைத் திறந்தேன். வேறு எதில் தப்பு செய்தேன்? எடை, பெட்ரோல், ஆட்கள், ஸ்டெப்னி, டூல்ஸ், கோணி. கோணி அரைக் கிலோ. அரைக் கிலோவால் ஒன்றும் ஆகாது.

எடையால் ஆகாது.

காரின் கதவைத் திறந்து குனிந்தேன். ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்தினேன். அது தரை வரை போகவில்லை. நான்கு மடிப்புச் சாக்கின் மேல் போய் மெத்தென்று உட்கார்ந்துவிட்டது. சாக்கை உருவிவிட்டு அழுத்தினேன். இன்னும் இரண்டு விரல் கீழே போனது.

"ண்ணா, இங்க வந்து பாரேன்."

அண்ணன் வந்து அழுத்திப் பார்த்தான். சாக்கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பிறகு ஐயாவைப் பார்த்தான். "ஏண்ணே, நேத்து நானே இதும்மேல கால வச்சிக்கினுதான் ஓட்டுனேன்."

"நான் உன் இன்ஜினுக்கு மருவாதி குடுத்தேம்பா!"

"மருவாதியெல்லாம் காலுக்கடியில குடுக்காதீங்க."

இந்த முறை பேட்டரியைக் கடையிலேயே வாங்கினேன். அதே ரோடு, அதே கியர், இரண்டு பக்கமும். புது பேட்டரிக்கு நேரம் சரியாக இருக்கிறதா என்று கடிகாரத்தோடும் ஒப்பிட்டேன். மாலையில் விழுப்புரத்தில் சார் அனுமதித்ததால் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டேன். ஐயாவின் குரல் கரகரவென்றே இருந்தது. "ஏறுதுப்பா, ஏறுது!" என்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

41.

இப்போது கதவில் 41 என்று இருக்கிறது. சங்கிலி பழைய ஆணியில் தொங்குகிறது. ஐயா ஏரிக்கரை மேட்டில் தானே ஓட்டி ஏறிப் பார்த்துவிட்டு, பத்து கிலோ மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தனுப்பியிருக்கிறார். அது அந்தக் கோணியிலேயே கட்டி வந்தது. அம்மா மட்டும் அந்தப் பையன் யார் என்று இன்னும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்கிறார்.

41-க்குக் கீழே நான் கோடு போடவில்லை. என் எடை என்று நான் எழுதியிருக்கும் நாற்பத்திரண்டு கிலோ பத்தாம் வகுப்பில் பார்த்தது. அதற்குப் பிறகு எடை மெஷினில் ஏறியதில்லை. ஆனால் எடை கூடினால் குதிரையும் கூடத்தான் செய்யும். சொன்னால் அண்ணன் கதவில் இன்னும் பெரிய எண்ணை எழுதிவிடுவான், அதனால் சொல்லவில்லை.