சந்தை நாளில் எடுத்த சர்வே

கலாவதிக்கு எண்கள் என்றால் உயிர். நாகலூர் எஸ்டேட் லைனில் பிறந்து, புவியியல் எம்.ஏ. வரைக்கும் ஏறி வந்தவள் அவள் ஒருத்திதான். மனிதர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று கோயம்புத்தூர் வகுப்பறையில் கேட்ட நாள் முதல், மலையும் மழையும் அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டன.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஏற்காட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஊர் தள்ளிப் போகப் போக, சந்தைக்கு வருகிறவர்கள் குறைய வேண்டும். ஊர் ஊராகக் கேட்டு அதை நிரூபித்துவிட்டால், மெட்ராஸில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவள் பெயரைச் சொல்வதாகப் பேராசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். நிரூபிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. மேட்டூர்ப் பக்கமிருந்து வந்த ஜாதகம் ஒன்றை அப்பா கருப்பண்ணன் பத்திரமாக வைத்திருந்தார்.

எஸ்டேட் ஆட்கள் வாரமெல்லாம் காப்பிக் காட்டில் கிடப்பார்கள், ஞாயிறு ஒன்றுதான் லீவு. அதனால் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஞாயிறு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள் கலாவதி. கேட்கவே வேண்டாம், அப்படி ஒரு உழைப்பு.

உழைத்து என்ன? வரைபடத் தாளில் புள்ளிகள் களத்தில் கொட்டின மிளகாகச் சிதறிக் கிடந்தன. பக்கத்திலிருக்கும் நாகலூர்க்காரர்கள் சந்தைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லையாம். தூரத்துக் கொட்டச்சேட்டுக்காரர்களும் அப்படியேயாம். கூடப் படிக்கும் அண்ணாதுரை சுலபமாக வழி சொன்னான். ஒத்துவராத ஊர்களைத் தூக்கிவிட்டால் கோடு தானாக நிமிர்ந்துவிடும், எவன் வந்து பார்க்கப்போகிறான்? அவளுக்கும் சபலம்தான். ரப்பரைக் கையில் எடுத்தும் விட்டாள்.

முதலில் அழிக்க வேண்டிய புள்ளி நாகலூர். அங்கேதான் கை நின்றது. அம்மா கிருஷ்ணம்மாள் ஒரு வாரம் தவறாமல் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவளாயிற்றே! சர்வேக்குப் போன ஞாயிறெல்லாம் தங்கள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடி மக்கே! சந்தை நாளில் வீட்டில் இருந்தவர்களிடம் போய், சந்தைக்குப் போவீர்களா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? காய்ச்சல்காரர்களும் பிள்ளை பெற்றவர்களும் முதல் நாள் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தவர்களும்தான் அவளிடம் அகப்பட்டிருந்தார்கள். போகிறவர்கள்தான் போய்விட்டார்களே. சந்தைக்குள்ளேயே வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

பேராசிரியையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் திட்டவில்லை. மாதக் கடைசிவரை நேரம் கொடுத்தார்.

இந்தத் தடவை வேலை நாட்களில், ஆட்கள் காட்டிலிருந்து திரும்பிக் குழாயடிக்கு வரும் நேரமாகப் பார்த்துப் போனாள். புள்ளிகள் சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையில் நின்றன. கொட்டச்சேடு மட்டும் முரண்டு பிடித்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் வாராவாரம் வருகிறார்கள். ஏன்?

விட்டுப்போன ஒரே வீடு தன் வீடு. அம்மாவை உட்காரவைத்து, ஊராரிடம் கேட்ட கேள்விகளையே கேட்டாள். அம்மா வாங்குவது உப்பும் தீப்பெட்டியும்.

"இதெல்லாம் நம்மூர்க் கடையிலயே கெடைக்குதே. அப்பறம் ஏம்மா வாராவாரம் போற?"

"அதென்ன கண்ணு இப்படிக் கேட்டுப்போட்ட? உங்கக்கா சின்னத்தாயி வருவாளே. சம்பந்தி ஊட்டுல வாரம் வாரம் போய் நின்னா மருவாதியா இருக்குமா? சந்தையில பாத்துக்கிட்டா ஆரு கேக்கப்போறாங்க?"

கொட்டச்சேட்டில் கட்டிக்கொடுத்த அக்காவை அம்மா சந்தையில் பார்ப்பது அவளுக்குத் தெரியாததல்ல. அது படிப்பில் சேரும் சங்கதி என்றுதான் தெரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு மலை முழுக்க நெய்க்கு அலைந்திருக்கிறாள்! மறுநாளே கொட்டச்சேட்டுக்கு ஓடி, பெண்களிடம் பிறந்த ஊரைக் கேட்டாள். பாதிக்கு மேல் நாகலூர்ப் பக்கம். தூரத்துக்குப் பக்கத்தில் தாய்வீடு என்று இன்னொரு கட்டம் போட்டுக் கணக்கைத் திருப்பிச் செய்தபோது, முரண்டு பிடித்த ஊர் கோட்டுக்கு வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பேராசிரியை வாக்குத் தவறவில்லை. மெட்ராஸில் இடம் கிடைத்தது. அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்.

புறப்படும் நாளில் அம்மா பெட்டிக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்கண்ணு, மெட்ராஸ்ல சந்தை என்னைக்குக் கூடும்?"